அப்டேட்டுக்கு அனுமதி மறுப்பது யார்?

கணினி கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஆறு ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. பாதுகாப்பு அப்டேட்டை நிறுவப் போனால் ‘அனுமதி இல்லை’ என்று கணினி திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதுதான் அந்த இடம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். இந்தப் பிழையைப் பொறுத்துக்கொண்டு நாள் கடத்தினால் என்ன ஆகும் என்பதை 2017ஆம் ஆண்டு உலகமே பார்த்தது. ‘வான்னாக்ரை’ என்ற நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுவிட்டது. தாக்குதல் வந்தது மே 12 அன்று. இடையில் 59 நாட்கள் இருந்தும் அந்தத் திருத்தம் ஏறாமல் கிடந்த கணினிகள் வீழ்ந்தன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளுக்கு முன்கூட்டிக் குறித்துக் கொடுத்திருந்த சிகிச்சை நாட்கள் ரத்தாயின.

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் முழுவதும் இறங்கிவிடுகிறது. நிறுவும்போது பாதியில் நின்று, 80070005 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி, செய்த மாற்றங்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கணினியில் இருப்பது என் ஒருவருடைய கணக்குதான். அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. என் கணினியில் எனக்கே அனுமதி இல்லை என்றால் எப்படி? — ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திண்டுக்கல்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்திலேயே விடைக்கான நூல் இருக்கிறது. அனுமதி மறுக்கப்பட்டது உங்களுக்கு அன்று. பொத்தானை அழுத்துவதோடு உங்கள் பங்கு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அப்டேட்டைத் தேடுவது, இறக்குவது, கோப்புகளை மாற்றி வைப்பது எல்லாவற்றையும் திரைக்குப் பின்னால் இயங்கும் விண்டோஸ் சேவைகள் செய்கின்றன. அவை ‘சிஸ்டம்’, ‘டிரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்னும் தனி அடையாளங்களில் இயங்குபவை. விண்டோஸ் விஸ்டா வந்த காலம்தொட்டு, இயங்குதளத்தின் முக்கியக் கோப்புகளுக்கு உரிமையாளர் டிரஸ்டட்இன்ஸ்டாலர்தான். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு அவற்றில் பெரும்பாலானவற்றைப் படிக்கவும் இயக்கவும் மட்டுமே அனுமதி. வீட்டுக்காரரே ஆனாலும் மின்வாரியத்தின் முத்திரையிட்ட மீட்டரைத் திறக்க முடியாது அல்லவா, அதுபோல. ஆகவே உங்கள் கணக்கின் அதிகாரத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தப் பிழை அசையாது.

எண்ணையும் பிரித்துப் பார்த்துவிடலாம். முதலில் நிற்கும் 8 என்பது ‘வேலை தோற்றது’ என்பதன் குறி. அடுத்து வரும் 7, இந்தப் பிழை விண்டோஸின் பொதுப் பிழைப்பட்டியலைச் சேர்ந்தது என்று சொல்கிறது. கடைசியில் உள்ள 5, அந்தப் பட்டியலில் ‘அணுக அனுமதி இல்லை’ என்பதற்கான வரிசை எண். ஆக, ஏதோ ஒரு சேவை, ஏதோ ஒரு கோப்பையோ, விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பதிவையோ தொட முயன்று தடுக்கப்பட்டிருக்கிறது. எந்தச் சேவை, எந்தக் கோப்பு, தடுத்தது யார் என்ற மூன்றையும் கண்டுபிடிப்பதுதான் வேலை.

எளியதிலிருந்து தொடங்குங்கள். முதலில் கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து மீண்டும் போடுவது இதற்கு ஈடாகாது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதியை அப்படியே உறங்க வைத்து எழுப்புவதுதான், ரீஸ்டார்ட் மட்டுமே அதைப் புதிதாகத் தொடங்குகிறது. அடுத்து, வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால், நிறுத்தி வைப்பதோடு நில்லாமல் அதை நீக்கிவிட்டே முயன்று பாருங்கள். சில ஆன்டிவைரஸ் நிரல்கள் தங்கள் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரிப் பகுதிகளையும் யாரும் தொடாதபடி காவல் காக்கின்றன. அப்டேட் சேவையும் அந்தக் காவலில் மாட்டிக்கொள்வது உண்டு. அதை நீக்கியவுடன் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும் என்பதால் கணினி காவலின்றி இருக்காது.

அதிலும் சரியாகவில்லை என்றால் அப்டேட் இறங்கித் தங்கும் கோப்புறையைப் புதிதாக்குங்கள். சி டிரைவின் விண்டோஸ் கோப்புறைக்குள் ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’ என்று ஒரு கோப்புறை இருக்கும். ‘சர்வீசஸ்’ சாளரத்தில் ‘விண்டோஸ் அப்டேட்’, ‘பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர்’ என்ற இரண்டு சேவைகளையும் நிறுத்திவிட்டு, அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள்; அழிக்க வேண்டாம். சேவைகளை மறுபடி தொடங்கியதும் விண்டோஸ் அதே பெயரில் புதிய கோப்புறையைச் சரியான அனுமதிகளோடு தானே அமைத்துக்கொள்ளும். அமைப்புகளில் தெரியும் அப்டேட் வரலாறு வெறுமையாகத் தோன்றலாம். அது பட்டியல் மட்டுமே. ஏற்கெனவே நிறுவியவை எங்கும் போய்விடவில்லை.

அதன் பிறகு, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் ‘டிஸ்ம்’ கருவியை ‘ஆன்லைன்’, ‘கிளீனப்-இமேஜ்’, ‘ரீஸ்டோர்ஹெல்த்’ என்ற மூன்று சொற்களோடு, ஒவ்வொன்றின் முன்னும் சாய்கோடு இட்டு இயக்குங்கள். அது முடிந்த பிறகே ‘எஸ்எஃப்சி’ கருவியை ‘ஸ்கேன்நவ்’ என்ற சொல்லோடு இயக்க வேண்டும். எஸ்எஃப்சி பழுதான கோப்புக்கு மாற்றுக் கோப்பை எடுக்கும் கிடங்கைச் செப்பனிடுவது டிஸ்ம். கிடங்கே பழுதாக இருக்கும்போது எஸ்எஃப்சியை முதலில் ஓட்டுவதில் பயனில்லை.

இத்தனைக்குப் பிறகும் பிழை நின்றால், ஊகிப்பதை விட்டுவிட்டுச் சான்றைத் தேட வேண்டும். எங்கள் தெருவில் இருக்கும் ஜெராக்ஸ் கடையின் கணினியை இப்படித்தான் ஒரு மாலையில் பார்க்க நேர்ந்தது. அங்கே ‘அப்டேட் உள்ளதா எனப் பார்’ என்ற பொத்தானை அழுத்திய மறுகணமே 80070005 வந்து நின்றது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பிராசஸ் மானிட்டர்’ என்ற கருவியைத் திறந்து, ‘ஆக்சஸ் டினைடு’ என்று முடியும் வரிகளை மட்டும் வடிகட்டிக்கொண்டு, பொத்தானை மறுபடி அழுத்தினேன். இந்த வடிகட்டியில் கெடுதல் இல்லாத மறுப்புகளும் நிறைய வரும் என்பதால், பிழை தோன்றிய அதே நொடியில் நிற்கும் வரிகளைப் பார்க்க வேண்டும். அந்த நொடியில், விண்டோஸ் அப்டேட் சேவைக்குரிய ரெஜிஸ்ட்ரிப் பதிவைத் திறக்க முயன்று விண்டோஸின் சேவை நிரலே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் அந்தப் பதிவின் ‘பெர்மிஷன்ஸ்’ பக்கத்தைத் திறந்தால், ‘சிஸ்டம்’ என்ற பெயருக்கு எதிரே ‘டினை’ என்ற கட்டத்தில் குறி இருந்தது. அனுமதி கொடுக்கும் குறியும் மறுக்கும் குறியும் ஒரே பதிவில் நேரடியாக எதிர்ப்பட்டால் மறுப்பதே வெல்லும் என்பது விண்டோஸின் விதி.

கடைக்காரரைக் கேட்டபோது காரணம் தெரிந்தது. கைப்பேசியின் இணையத்தை வைத்துக் கடை நடத்திய நாட்களில், டேட்டா தீர்ந்துபோகிறது என்பதற்காக, அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தும் சிறு நிரல் ஒன்றை யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நிரலை நீக்கிய பிறகும் அது வைத்த பூட்டு அங்கேயே இருந்தது. அந்த ஒரு மறுப்பு வரியை நீக்கி, அதே பதிப்பு ஓடும் வேறொரு கணினியில் உள்ள அனுமதிகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்ததும் அப்டேட் ஓடத் தொடங்கியது. டேட்டாவை மிச்சப்படுத்த விரும்புகிறவர்கள், இணைய அமைப்பில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்து வைத்தாலே போதும்; பெரும்பாலான அப்டேட்கள் தாமாக இறங்காமல் உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கும்.

உங்கள் கணினியில் அப்டேட் பாதிவரை போய்த் திரும்புவதால், விண்டோஸ் கோப்புறைக்குள் ‘லாக்ஸ்’, அதற்குள் ‘சிபிஎஸ்’ என்ற கோப்புறையில் உள்ள பதிவேட்டை முதலில் திறந்து 80070005 என்று தேடிப் பாருங்கள். பல நேரங்களில் தடுக்கப்பட்ட இடம் அந்த வரியிலோ அதற்குச் சில வரிகள் மேலேயோ எழுதப்பட்டிருக்கும். எதுவும் பிடிபடவில்லை என்றால், அமைப்புகளில் ‘சிஸ்டம்’, ‘ரிகவரி’ என்ற பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் வழியாகவே இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் பொத்தான் இருக்கிறது. உங்கள் கோப்புகளும் செயலிகளும் அமைப்புகளும் இருந்தபடி இருக்க, இயங்குதளம் மட்டும் சரியான அனுமதிகளோடு புதிதாகும். இருந்தாலும் அதற்கு முன் முக்கியக் கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். விண்டோஸ் கோப்புறை முழுவதற்கும் ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்துவிடுங்கள் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நாளை உள்ளே நுழையும் எந்த நச்சுநிரலும் அந்த ‘எவ்ரிஒன்’ என்பதற்குள் அடங்கும். அனுமதிகளை மொத்தமாகத் திருத்தி எழுதும் பழைய குறுநிரல்களும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அனுமதி அமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அவை, டிரஸ்டட்இன்ஸ்டாலரின் உரிமையைக் கலைத்துவிடக்கூடியவை.

கேள்வி: உபுண்டுவில் ‘ஏபிடி அப்கிரேடு’ கட்டளை கொடுத்தால் பூட்டுக் கோப்பைத் திறக்க முடியவில்லை, 13, பெர்மிஷன் டினைடு என்று வருகிறது. முன்னால் ‘சூடோ’ சேர்த்துக் கொடுத்தால் வேறொரு நிரல் பூட்டை வைத்திருக்கிறது என்கிறது. பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்கிறான் நண்பன். அழிக்கலாமா? — பொறியியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: அழிக்க வேண்டாம். உங்களுக்கு வந்தவை ஒரே பிழையின் இரண்டு வடிவங்கள் அல்ல, இரண்டு வேறு பிழைகள். உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸில் 13 என்ற எண், கேட்டவருக்கு அந்தக் கோப்பைத் தொடும் உரிமை இல்லை என்பதைக் குறிக்கிறது. நிரல்களை நிறுவும் அதிகாரம் ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனருக்கு மட்டுமே உரியது; நீங்கள் சாதாரணப் பயனராகக் கேட்டதால் மறுப்பு வந்தது. கட்டளையை ரூட்டின் அதிகாரத்தில் இயக்கும் சூடோவைச் சேர்த்ததும் அந்தப் பிழை தீர்ந்துவிட்டது. இரண்டாவது செய்தி சொல்வது உரிமையைப் பற்றி அன்று, முறையைப் பற்றி: உங்களுக்கு முன்னால் ஒருவர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார்.

அந்த ஒருவர் யார் என்பதையும் செய்தியே சொல்லியிருக்கும். பூட்டை வைத்திருக்கும் நிரலின் எண்ணும் அடைப்புக்குறிக்குள் அதன் பெயரும் அங்கே இருக்கும். பெரும்பாலும் ‘அன்அட்டெண்டட்-அப்கிரேடு’ என்று தொடங்கும் பெயர். உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்களைத் தானாக நிறுவும் நிரல் அது. காலை 6 மணியை ஒட்டி ஓட வேண்டிய வேலை, அந்த நேரத்தில் மடிக்கணினி அணைந்திருந்தால், அடுத்து நீங்கள் கணினியைப் போட்டவுடன் தொடங்கிவிடும். கல்லூரிக்கு வந்து மடிக்கணினியைத் திறந்ததும் நீங்கள் கட்டளை கொடுக்கிறீர்கள். அதற்குள் அது உங்கள் வேலையையே செய்துகொண்டிருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருங்கள், போதும்.

பூட்டுக் கோப்பை அழித்தால் என்ன நேரும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பூட்டு என்பது அந்தக் கோப்பு அங்கே இருப்பது அன்று. அந்தக் கோப்பின் மீது ஒரு நிரல், இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் பதிந்து வைத்திருக்கும் உரிமை. கோப்பை அழித்தாலும் முதல் நிரல் தன்னிடம் பூட்டு இருப்பதாகவே நம்பி வேலையைத் தொடரும். நீங்கள் அடுத்துக் கொடுக்கும் கட்டளையோ அதே பெயரில் புதிய கோப்பை உண்டாக்கி, அதன் மீது தனக்கென ஒரு பூட்டைப் பெற்றுக்கொள்ளும். இப்போது இருவர் ஒரே நேரத்தில் நிரல் தரவுத்தளத்தில் எழுதுகிறார்கள். பாதி நிறுவிய கெர்னலோடு கணினி மறுநாள் எழுந்திருக்காமல் போவதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

உண்மையிலேயே தொங்கிப்போய்விட்டது என்று சந்தேகப்பட்டால், ‘வார்’, ‘லாக்’ கோப்புறைகளுக்குள் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பெயரில் உள்ள பதிவேட்டைப் பாருங்கள். அதில் புதிய வரிகள் சேர்ந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். நெடுநேரமாக எதுவும் சேரவில்லை என்றால் கணினியை முறையாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிரல் முடிந்ததும் பூட்டும் தானே விடுபடும். பிறகு, நிரல்களை நிறுவும் கருவியான ‘டிபிகேஜி’யின் கட்டளையைச் சூடோவுடன், ‘கான்ஃபிகர்’ என்ற சொல்லின் முன் இரண்டு கோடும், ‘ஏ’ என்ற எழுத்தின் முன் ஒரு கோடும் இட்டுக் கொடுத்தால், பாதியில் நின்றவற்றை அது முடித்து வைக்கும்.

உங்கள் தோழிகளில் சிலருக்குச் சூடோ கொடுத்தாலும், ‘இந்தப் பயனர் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை’ என்று வரக்கூடும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை நிறுவும்போது ரூட்டுக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்தவர்களுக்கு இது வழக்கமாக நேர்வது. அப்போது ‘எஸ்யூ’ கட்டளைக்குப் பின் ஒரு கோடு இட்டு ரூட்டாக நுழைந்து, தங்கள் பயனர்பெயரைச் ‘சூடோ’ குழுவில் சேர்க்க வேண்டும். அதற்கான ‘யூசர்மாட்’ கட்டளையில் ‘ஜி’ பெரிய எழுத்தாகவும் அதற்கு முன்னால் சிறிய ‘ஏ’ எழுத்தும் இருக்க வேண்டும். அந்தச் சிறிய ‘ஏ’ விட்டுப்போனால், பயனர் ஏற்கெனவே இருந்த மற்றத் துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்பட்டுவிடுவார்.

கேள்வி: அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் அப்டேட் பொத்தானே மங்கலாக இருக்கிறது. ‘சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று எழுதியிருக்கிறது. அட்மின் கடவுச்சொல்லைக் கடந்து உள்ளே போக வழி உண்டா? — தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

பதில்: வழி இருந்தாலும் போகக் கூடாது. அங்கே எந்த அப்டேட் எந்த நாளில் ஏற வேண்டும் என்பதை உங்கள் நிறுவனத்தின் கணினிப் பிரிவு மையமாக முடிவு செய்கிறது. சில கணினிகளில் சோதித்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புவது நல்ல நடைமுறை. உங்கள் கணினி அந்த வரிசையில் விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றினால், அமைப்புகளில் உள்ள அப்டேட் வரலாற்றைப் படமெடுத்து, கடைசியாக அப்டேட் ஏறிய தேதியைக் குறிப்பிட்டு அவர்களுக்கு எழுதுங்கள். ‘அப்டேட் ஆகவில்லை’ என்று பொதுவாக எழுதுவதைவிடத் தேதியோடு எழுதும் கடிதத்துக்கு விரைவில் பதில் வரும்.

இதே வாசகம், பழைய மடிக்கணினி வாங்கியவர்களுக்கும் வருவதுண்டு. முன்பு அதை வைத்திருந்த நிறுவனத்தின் அப்டேட் சர்வர் முகவரி ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிட்டதால், கணினி எட்ட முடியாத அந்த இடத்திலேயே அப்டேட்டைத் தேடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எதையும் நோண்டாமல், பென் டிரைவிலிருந்து விண்டோஸை முழுவதும் புதிதாக நிறுவிக்கொள்வதே சரி. முந்தைய உரிமையாளரின் வேறு எந்த மிச்சமும் அதில் இருக்காது.

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஒரே மாதிரியான இருபது உபுண்டு கணினிகள் உள்ளன. ஒன்றில் அப்டேட்டின்போது ‘பெர்மிஷன் டினைடு’ வந்துகொண்டே இருந்ததால், முழு அமைப்புக்கும் 777 அனுமதி கொடுக்கும் கட்டளையை ஒரு காணொளியில் பார்த்துக் கொடுத்துவிட்டேன். இப்போது சூடோவே வேலை செய்யவில்லை. மாணவர்களின் செய்முறைக் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. — கணினி அறிவியல் ஆசிரியை, கடலூர் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். மாணவர்களின் கோப்புகள் அழியவில்லை. 777 கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை, அவற்றின் கதவுகளை மட்டும் திறந்து போடுகிறது. இப்போதைக்கு அந்தக் கணினியை வலைப்பின்னலிலிருந்து எடுத்துவிடுங்கள். கடவுச்சொற்களின் மறைக்கப்பட்ட வடிவங்களைத் தாங்கியிருக்கும் ‘ஷேடோ’ கோப்பைக்கூட இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம்.

எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்த பிறகு சூடோ ஏன் நின்றது என்பது வியப்பாக இருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1, மூன்றும் சேர்ந்தால் 7 என்று மாணவர்களுக்கு நீங்களே கற்பித்திருப்பீர்கள். அந்த மூன்று இலக்கங்களுக்கு முன்னால் நான்காவதாக ஓர் இலக்கம் உண்டு. சூடோ கோப்பின் உண்மையான அனுமதி 4755. முன்னால் நிற்கும் அந்த 4, இந்த நிரலை யார் இயக்கினாலும் அதன் உரிமையாளரான ரூட்டின் அதிகாரத்தில் இயங்கட்டும் என்பதற்கான குறி. 777 என்று எழுதியபோது அந்த 4 துடைக்கப்பட்டுவிட்டது. சாதாரணப் பயனர் ரூட்டாக மாறுவதற்கு வேறு வழிகளான ‘எஸ்யூ’, ‘பிகேஎக்ஸெக்’ ஆகியவையும் அதே குறியை நம்பியவைதான், அவையும் அடைபட்டுவிட்டன. போதாதற்கு, தன் அமைப்புக் கோப்பில் எவரும் எழுதலாம் என்ற நிலையைக் கண்டால் சூடோ தானாகவே இயங்க மறுக்கும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் தன் சாவிக் கோப்புகள் திறந்து கிடந்தால் அவற்றை ஏற்காததும் இதே எச்சரிக்கையால்தான். அனுமதியைக் கூட்டினால் தடை குறையும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது.

இதை உள்ளிருந்து சரிசெய்ய முடியாது. உபுண்டுவை நிறுவப் பயன்படும் பென் டிரைவைக் கொண்டு ‘நிறுவாமல் பயன்படுத்து’ என்ற முறையில் கணினியைத் தொடங்கி, முதல் வேலையாகக் கணினியின் வட்டில் உள்ள ‘ஹோம்’ கோப்புறை முழுவதையும் வெளி டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். அதன் பிறகு புதிதாக நிறுவிவிடுங்கள் என்றுதான் பொதுவாக எழுதுவேன். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் ஒவ்வொரு நிரலும் வந்தபோது இருந்த அனுமதியை ‘ஆர்பிஎம்’ கருவி நினைவில் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும். உபுண்டுவின் டிபிகேஜிக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் உங்களிடம் பிறருக்கு இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது: பழுதில்லாத பத்தொன்பது கணினிகள். அவற்றில் ஒன்றில் ரூட்டாக நுழைந்து, ‘ஏசிஎல்’ என்ற நிரல்தொகுப்பில் வரும் ‘கெட்ஃபேக்கிள்’ கட்டளையை ‘யுஎஸ்ஆர்’, ‘இடிசி’, ‘வார்’ ஆகிய மூன்று கோப்புறைகளின் மீது இயக்குங்கள். உள்ளே போய்ப் படிப்பதற்குப் பெரிய ‘ஆர்’ எழுத்தும், பயனர்களைப் பெயராகக் குறிக்காமல் எண்ணாகக் குறிப்பதற்குச் சிறிய ‘என்’ எழுத்தும் சேர்த்துக் கொடுத்து, விடையை ஒரு கோப்பில் சேமியுங்கள். ஒவ்வொரு கோப்பின் உரிமையாளர், குழு, அனுமதி, அந்த நான்காம் இலக்கம் எல்லாம் அதில் எழுத்தாகப் பதிந்திருக்கும். பழுதான கணினியைப் பென் டிரைவில் தொடங்கி, அதன் வட்டை ஏற்றி (மவுண்ட் செய்து), அந்த வட்டின் வேர்க் கோப்புறைக்குள் நின்றுகொண்டு, ‘செட்ஃபேக்கிள்’ கட்டளையை ‘ரீஸ்டோர்’ என்ற சொல்லோடும் அந்தக் கோப்பின் பெயரோடும் கொடுங்கள். இரண்டு கணினிகளிலும் உபுண்டுவின் பதிப்பும் நிரல்களும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே இருந்து இங்கே இல்லாத கோப்புகளுக்குச் சில புகார் வரிகள் வரும், அவை பொருட்டில்லை. ஒரு கணினியில் மட்டும் இருக்கும் கோப்புகளின் அனுமதி இதில் திரும்பாது. வேர்க் கோப்புறையையும் ஹோம் முதலிய மற்றவற்றையும் நல்ல கணினியோடு ஒப்பிட்டு நீங்களே சரிசெய்ய வேண்டும். வேர்க் கோப்புறைக்கு 755, ‘டெம்ப்’ கோப்புறைக்கு 1777 என்பவை முக்கியமானவை.

அந்த 1777ஐத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் தொடக்கப் பிழையே அங்கிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏபிடி தன் வேலையில் ஒரு பகுதியை ‘ஏபிடி’ என்ற பெயருக்கு முன் அடிக்கோடிட்ட தனிப் பயனராகச் செய்கிறது. டெம்ப் கோப்புறையில் எல்லாரும் எழுதலாம் என்ற அனுமதி ஏதோ காரணத்தால் போயிருந்தால், அந்தப் பயனரால் தற்காலிகக் கோப்பை உண்டாக்க முடியாது, அப்டேட் நின்றுவிடும். அதற்குத் தேவைப்பட்டது அந்த ஒரு கோப்புறைக்கான ஒரு கட்டளைதான்.

கேள்வி: எம்1 சிப் உள்ள மேக் வாங்கினேன். மேக்ஓஎஸ் அப்டேட்டை நிறுவும்போது வேறொருவரின் கணக்குக்கான கடவுச்சொல்லைக் கேட்கிறது. என் கணக்கும் அட்மின்தான். ‘ரிப்பேர் பெர்மிஷன்ஸ்’ செய்யச் சொல்கிறார்கள். அந்தப் பொத்தானையே காணவில்லை. — புகைப்படக் கலைஞர், யாழ்ப்பாணம்

பதில்: ‘டிஸ்க் யுடிலிட்டி’யில் இருந்த அந்தப் பொத்தானை 2015இல் எல் கேப்பிட்டான் பதிப்போடு ஆப்பிள் எடுத்துவிட்டது. அந்த ஆண்டிலிருந்து இயங்குதளக் கோப்புகளை ரூட்டால்கூட மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டதால், அவற்றின் அனுமதிகள் கலைவதற்கு இடமில்லை. உங்கள் சிக்கல் வேறு. 2020 நவம்பரில் தொடங்கி வந்த ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட மேக்குகளில், அட்மின் என்பதும் வட்டின் உரிமையாளர் என்பதும் ஒன்று அல்ல. அப்டேட்டுக்கு ஒப்புதல் தரும் தகுதி, உரிமையாளராகப் பதிவான கணக்குக்கே உண்டு. ‘டெர்மினல்’ நிரலில் ‘டிஸ்க்யுடில்’ கட்டளையை ‘ஏபிஎஃப்எஸ்’, ‘லிஸ்ட்யூசர்ஸ்’ என்ற சொற்களோடும் கடைசியில் ஒரு சாய்கோட்டோடும் கொடுத்தால், எந்தக் கணக்கு உரிமையாளர் என்பது தெரியும். விற்றவர் தம் கணக்கோடு அப்படியே கொடுத்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. அவரைக் கொண்டே ஐகிளவுடிலிருந்து வெளியேறச் செய்து, கணினியை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள். படங்களை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் ரூட்டாகவே நுழைந்து அப்டேட் செய்கிறேன். அப்போதும் சில கோப்புகளுக்கு ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்’ என்று வருகிறது. ரூட்டுக்கு மேலும் ஒருவர் உண்டா? — இணையதளம் நடத்துபவர், சிங்கப்பூர்

பதில்: இங்கே சொற்களைக் கூர்ந்து படிக்க வேண்டும். ‘பெர்மிஷன் டினைடு’ என்பது முன்பு பார்த்த 13. ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்’ என்பது 1. ரூட்டாக இருந்தும் இது வந்தால், பெரும்பாலும் அந்தச் செயலே தடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ‘எல்எஸ்அட்டர்’ கட்டளையை அந்தக் கோப்பின் மீது இயக்கிப் பாருங்கள். கோடுகளுக்கு இடையில் ‘ஐ’ என்ற எழுத்து தெரிந்தால், யாராலும் மாற்ற முடியாத கோப்பாக அது குறிக்கப்பட்டிருக்கிறது. பயனர் பட்டியல் இருக்கும் ‘பாஸ்வேர்டு’ கோப்பை இப்படிப் பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று சிலர் செய்கிறார்கள். அப்டேட்டோடு வரும் ஒரு நிரல் தனக்கெனப் புதிய பயனரைச் சேர்க்க முயலும்போது அங்கே முட்டிக்கொள்ளும். அந்தக் குறியைப் போட்டது நீங்களா, உங்கள் நிர்வாகியா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ‘சிஹெச்அட்டர்’ கட்டளையால் எடுங்கள். யாருமே போடவில்லை என்றால் கவலைப்பட வேண்டும். சர்வருக்குள் புகுந்தவர்கள் தாங்கள் வைத்த கோப்பை யாரும் நீக்காதபடி இதே குறியைப் போடுவது வழக்கம். அப்போது அப்டேட்டை நிறுத்திவிட்டு, சர்வரை வலையிலிருந்து பிரித்து, ஊடுருவல் நடந்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

செய்தியில் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்ற சொற்கள் வந்தால் அது மூன்றாவது வகை, எண் 30. வட்டில் பிழை கண்டால் மேலும் கெடாமல் இருக்க, கெர்னல் அந்த வட்டைப் படிப்பதற்கு மட்டும் என மாற்றிவிடும். பலர் இதை அனுமதிச் சிக்கல் என்று எண்ணி, எழுதும் முறைக்கு வலிந்து மாற்றி அப்டேட்டைத் தொடர்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ‘டிமெசேஜ்’ கட்டளையில் வட்டுப் பிழை வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், படிக்க முடிகிற இந்த நிலையிலேயே தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் வேறு சர்வருக்கு நகலெடுத்துவிட்டு, வட்டைச் சோதிக்கும் வேலையை அதன் பிறகு தொடங்குங்கள்.